ஆறு பெரிய சொகுசு எஸ்யூவிகள்: எதைப் புதிதாக எடுக்கலாம், எதைப் பழையதாகத் தொடலாம்

மூன்று வரிசை இருக்கை, ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், இரண்டரை டன்னை ஒட்டிய எடை, பெரும்பாலும் காற்றின் மேல் நிற்கும் சஸ்பென்ஷன். இந்த வகை வண்டிகளின் விலை முதல் சில வருடங்களிலேயே வேகமாகச் சரிந்துவிடும். சரியாதது உதிரிப் பாகங்களின் விலை. பத்து வருடம் ஓடிய ரேஞ்ச் ரோவரை நடுத்தர காரின் விலைக்கு வாங்கிவிடலாம். அதன் ஹெட்லைட், கம்ப்ரசர், கூலன்ட் பைப் எல்லாம் புது ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர் கொடுக்கும் அதே விலையில்தான் கிடைக்கும். பழைய வண்டியில் கை சுட்டுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு கணக்கைப் போடாமல் வாங்கியவர்கள்.

எடுத்துக்கொண்டிருப்பவை பிஎம்டபிள்யூ எக்ஸ்7, மெர்சிடிஸ் ஜிஎல்எஸ், ரேஞ்ச் ரோவர், காடிலாக் எஸ்கலேட், லெக்ஸஸ் எல்எக்ஸ், லிங்கன் நேவிகேட்டர். இவற்றில் எது அழகு என்பதை அவரவர் கண்ணுக்கு விட்டுவிடலாம். எது எங்கே பழுதாகும், ஏன் ஆகும், வாங்கும் முன் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் அளவு

ஷோரூமுக்குப் போகும் முன் டேப்பை எடுத்து வண்டி நிறுத்தும் இடத்தை அளந்துவிடுங்கள். எக்ஸ்7 அறிமுகமானபோது 5,151 மி.மீ. நீளம், அகலம் கண்ணாடி சேர்க்காமல் 2,000. ஜிஎல்எஸ் 5,207. 2021-இல் வந்த எஸ்கலேட் 5,382, அதன் நீள வடிவமான இஎஸ்வி 5,766. 2022 ரேஞ்ச் ரோவர் சிறிய வடிவில் 5,052, நீள வடிவில் 5,252; கண்ணாடிகளை விரித்தால் அகலம் 2.2 மீட்டரைத் தொடும். நீளத்தைவிட அகலம்தான் தினமும் தொந்தரவு தரும். பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் கதவைப் பாதிதான் திறக்க முடியும். புது ரேஞ்ச் ரோவரின் பின் சக்கரங்களும் 7 டிகிரிக்குச் சற்று மேல் வரை திரும்புவதால், அந்த நீளத்துக்கு அது 11 மீட்டருக்குள் வளைந்துவிடுகிறது. குறுகலான இடத்தில் புழங்குபவருக்கு வேறு எந்த வசதியையும்விட இது பெரிது.

மூன்றாவது வரிசையை எதற்காக வாங்குகிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உட்கார வேண்டுமென்றால் ஜிஎல்எஸ், எஸ்கலேட், நேவிகேட்டர், எக்ஸ்7 என்ற வரிசையில் பார்க்கலாம். 1.94 மீட்டர் உயரம் வரை உள்ளவர் உட்காரலாம் என்று ஜிஎல்எஸ்ஸின் கடைசி வரிசை பற்றி மெர்சிடிஸ் சொல்கிறது. அது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை, உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். 2020 வரை வந்த எஸ்கலேட்டில் பின்னால் முழு ஆக்சில் இருந்ததால் தரை உயர்ந்து, கடைசி வரிசையில் முழங்கால் நெஞ்சுக்கு வரும். 2021-இல் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் வந்ததும் தரை தாழ்ந்தது, கால் இடம் 886 மி.மீ. ஆனது. எஸ்கலேட்டை ஏழு பேருக்காக எடுப்பதென்றால் 2021-க்கு முந்தையதைப் பார்க்கவே வேண்டாம். லெக்ஸஸ் எல்எக்ஸ் 570-இன் மூன்றாவது வரிசை பக்கவாட்டில் மடிந்து சாமான் இடத்தை அடைத்து நிற்கும். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் சரி. ரேஞ்ச் ரோவரில் ஏழு இருக்கை வேண்டுமானால் 2022 மாடலின் நீள வடிவம் ஒன்றுதான் வழி.

கடைசி வரிசையை விரித்த பிறகு டிக்கியில் மிஞ்சுவது எக்ஸ்7-இல் 326 லிட்டர், ஜிஎல்எஸ்ஸில் 355. இரண்டு பெட்டி வைத்தால் முடிந்தது. எஸ்கலேட்டில் 722, இஎஸ்வியில் 1,100-க்கு மேல். ஏழு பேரும் பயணப் பெட்டிகளுமாக அடிக்கடி வெளியூர் போகும் குடும்பத்துக்கு ஐரோப்பிய வண்டிகள் பொருந்தாது. விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார்; இருக்கைகளை மடித்து வைத்துத்தான் டிக்கியைத் திறந்து காட்டுவார்.

எஞ்சின் வாரியாக

எக்ஸ்7-இல் 40ஐ என்ற பெயரில் வரும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பி58 எஞ்சின்தான் என் முதல் தேர்வு. வால்வ் கவர், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் வயதானபின் ஆயில் கசிவு வரலாம், அதைத் தாண்டிப் பெரிய கெட்ட பெயர் கிடையாது. வி8 என்63 குடும்பத்துக்கு ஒரு பழைய கறை உண்டு. 2008 முதல் வந்த முதல் தலைமுறையில் டர்போ இரண்டையும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே வைத்தார்கள். சூடு அங்கேயே தேங்கியதால் வால்வ் சீல்கள் இறுகி ஆயில் குடித்தன, டைமிங் செயின் நீண்டது, பேட்டரி சீக்கிரம் போனது. எக்ஸ்7-இல் வருவது வெகுவாகத் திருத்தப்பட்ட பிற்கால வடிவம், அதைப் பழையதோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. ஆனாலும் டர்போ அதே இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் குழாய்களும் ரப்பர்களும் அதே சூட்டில்தான் வேகின்றன. உத்தரவாதம் முடிந்த வி8-ஐ எடுக்க எனக்கு மனம் வராது.

ஜிஎல்எஸ்ஸை மூன்று தலைமுறையாகப் பிரித்துப் பாருங்கள். 2006 முதல் 2012 வரை ஜிஎல் என்ற பெயரில் வந்த வண்டியை 2022 ஜூனில் மெர்சிடிஸ் ரீகால் செய்தது, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. எம்எல், ஆர் வகைகளும் சேர்த்து உலக அளவில் பத்து லட்சத்துக்குச் சற்றே குறைவான வண்டிகள். பிரேக் பூஸ்டரின் மேல் இருக்கும் ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி உலோகம் அரித்துவிடும், மோசமான நிலையில் பிரேக் மிதிக்கும் இணைப்பே அறுந்துவிடக்கூடும். பரிசோதிக்கும் வரை ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனமே சொன்ன அளவுக்குப் பெரிய விஷயம். அந்த ரீகால் வேலை முடிந்ததற்கான ரசீது இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடுத்த தலைமுறையில், அதாவது 2012 முதல் 2019 வரை, 4.7 லிட்டர் எம்278 வி8-இல் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது தெரிந்த நோய். வாங்கும் முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு எட்டு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே காலத்து ஓஎம்642 டீசல் நல்ல எஞ்சின்தான். ஆனால் அதன் ஆயில் கூலர் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியும். சீல் மலிவு, அதை எட்டுவதற்கு டர்போ, இன்டேக் எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்பதால் கூலி பல மடங்கு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் பின் மெயின் சீல் என்று மெக்கானிக் சொல்லலாம். பலமுறை மூலம் இந்தக் கூலர்தான், மேலிருந்து வழிந்து கீழே வருகிறது. 2019-க்குப் பின் வந்த ஜிஎல்எஸ் 400டி-யின் ஓஎம்656 டீசல் வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்டது. நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இந்தக் கட்டுரையில் உள்ள டீசல்களில் அதுவே சிறந்தது.

ரேஞ்ச் ரோவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். ஓட்ட, உட்கார, மோசமான பாதையில் மிதந்து போக அதற்கு இணை இந்தப் பட்டியலில் இல்லை. 2012 இறுதியில் வந்த எல்405 முழு அலுமினிய உடல் கொண்டது. அதன் 3 லிட்டர் வி6 டீசலில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் நகர்ந்து, ஆயில் வழி அடைபட்டு, கடைசியில் கிராங்க்கே முறிவது பரவலாகப் பேசப்படும் குறை. பெரும்பாலும் முன்னெச்சரிக்கை ஏதும் தராது. வந்தால் எஞ்சினையே மாற்ற வேண்டும். ஆயிலை நீண்ட இடைவெளியில் மாற்றிய வண்டிகளில் ஆபத்து கூடுதல் என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலரின் கருத்து. ஆகவே கம்பெனி அட்டவணைப்படி சர்வீஸ் செய்தது என்பது மட்டும் போதாது. 10,000 முதல் 12,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிய வண்டியைத் தேடுங்கள். அதே காலத்து 4.4 லிட்டர் வி8 டீசல் இதைவிட நம்பத்தக்கது.

5 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு பெட்ரோலில் பகை வேறு. சூப்பர்சார்ஜருக்கு அடியிலும் எஞ்சின் முன்பக்கத்திலும் ஓடும் கூலன்ட் பைப்புகள் பிளாஸ்டிக். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியவை. வருடக்கணக்கில் சூடேறி ஆறி, ஒட்டிய கோட்டில் விரிசல் விடும். முதலில் கூலன்ட் மெதுவாகக் குறையும், வெளியே சொட்டாது, சூடான எஞ்சின் மேலேயே ஆவியாகிவிடும். பானட்டைத் திறந்ததும் இனிப்பான வாடை வந்தால், அல்லது பைப் இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது போல் படிந்திருந்தால் அதுதான். வெப்பமானி முள் பல வண்டிகளில் சாதாரண வரம்பு முழுவதும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், முள் ஏறுவதை நீங்கள் பார்க்கும் நேரத்துக்குள் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். எட்டு வருடம் தாண்டிய வண்டியில் இந்தப் பைப்புகளை வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பிரித்துச் சேர்க்கும் கூலி ஒன்றே.

2022 முதல் வரும் ரேஞ்ச் ரோவரின் 4.4 வி8 பெட்ரோல், பிஎம்டபிள்யூவின் எஞ்சின். முந்தையதைவிட இது முன்னேற்றம்தான். ஆனால் மின்னணுச் சாதனங்கள் இன்னும் கூடியிருக்கின்றன. உத்தரவாதத்தோடு மட்டும் எடுங்கள்.

எஸ்கலேட்டின் 6.2 லிட்டர் எல்87 எஞ்சின் தொடர்பாக 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு பெரிய ரீகால் அறிவித்தது. 2021 முதல் 2024 வரையான மாடல்கள், எஸ்கலேட்டோடு அதே எஞ்சின் கொண்ட பிக்கப்களும் பிற எஸ்யூவிகளும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம். காரணம் கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்பில் நேர்ந்த குறை. சோதனையில் தோற்ற வண்டிக்கு எஞ்சின் மாற்றம். தேறிய வண்டிக்கு 0டபிள்யூ-20-க்குப் பதிலாகக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில், புது ஃபில்டர், புது ஆயில் மூடி. வாங்கப் போகும் வண்டியில் ஆயில் மூடியைத் திருகிப் பாருங்கள். அதில் இன்னும் 0டபிள்யூ-20 என்று எழுதியிருந்தால், அந்தச் சேஸிஸ் நம்பருக்கு ரீகால் பொருந்துமா, வேலை நடந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். இதற்கு அப்பால், சிலிண்டர்களைத் தேவைக்கேற்ப நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டில், வால்வை இயக்கும் லிஃப்டர் சிக்கிக்கொள்வதும் உண்டு. டிக் டிக் சத்தமும் ஒரு சிலிண்டர் அடிக்காமல் விடுவதும் அடையாளம்.

லெக்ஸஸ் எல்எக்ஸ் 570, 2008 முதல் 2021 வரை கிட்டத்தட்ட ஒரே 5.7 லிட்டர் வி8-ஐ வைத்தே ஓடியது. டர்போ கிடையாது. ஆயுளில் இதை மிஞ்ச ஆளில்லை. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்கில் விரிசல், கேம் பக்கத்து ஆயில் கசிவு, எஞ்சின் ஆறிய நிலையில் காற்று ஊதும் துணைப் பம்ப் பழுது, இவ்வளவுதான் பொதுவாக வருபவை. எரிபொருள் நன்றாகக் குடிக்கும், உள்ளே திரையும் பட்டன்களும் வந்த நாளிலேயே பழசாகத் தெரிந்தன. பழைய வண்டிதான் வேண்டும், உத்தரவாதம் இல்லாவிட்டாலும் நிம்மதி வேண்டும் என்பவருக்கு என் பதில் இது ஒன்றே. அடியில் படுத்து சேஸிஸ் துருவை மட்டும் கவனமாகப் பாருங்கள்; கடலோரத்தில் ஓடியதும் உப்புத் தூவிய பனிச் சாலையில் ஓடியதும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

2022 முதல் வந்த எல்எக்ஸ் 600-இல் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6. தயாரிப்பின்போது எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகளால் பேரிங் கெடலாம் என்று 2024-இல் டொயோட்டா ரீகால் செய்தது; 2022, 2023 மாடல் டுண்ட்ரா பிக்கப்பும் எல்எக்ஸும் அதில் சேர்ந்தவை. லெக்ஸஸ் என்ற பெயரை மட்டும் நம்பிச் சேஸிஸ் நம்பரைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். அதற்குப் பிந்தைய மாடலாக இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

நேவிகேட்டருக்கு ஒரு பத்தி போதும். 2018-க்குப் பிந்தையதில் அலுமினிய உடல், 450 குதிரைத்திறனை ஒட்டித் தரும் 3.5 லிட்டர் இரட்டை டர்போ. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நொடி முன்பக்கம் கரகரவென்று இரைந்தால், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் தேய்ந்திருக்கிறது. மற்றபடி வசதியான, அலட்டல் இல்லாத குடும்ப வண்டி.

ஏர் சஸ்பென்ஷன்

பழைய சொகுசு எஸ்யூவியில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் இதன் இயக்கத்தைப் புரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் ஏர் ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கம்ப்ரசர், காற்றைப் பங்கிடும் வால்வ் பிளாக், ஒவ்வொரு மூலையிலும் உயரம் அளக்கும் சென்சார். ரப்பர் மடிந்து மடிந்து விரியும் அந்த ஒரே கோட்டில்தான் எட்டுப் பத்து வருடத்தில் மெல்லிய வெடிப்பு வரும். வெடிப்பு வந்ததும் வண்டி உடனே சாய்ந்துவிடாது. கசிந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் அடிக்கடி ஓடும். அதிகம் ஓடுவதால் சூடேறும், பிஸ்டன் வளையம் தேயும், ஈரம் உறிஞ்சும் டிரையர் நிறைந்து தண்ணீர் வால்வுக்குள் போகும், சில சமயம் ரிலே ஒட்டிக்கொண்டு பேட்டரி தீரும் வரை ஓடும். ஒருநாள் கம்ப்ரசர் நின்றுவிடும், எச்சரிக்கை விளக்கு எரியும். கம்ப்ரசரை மட்டும் மாற்றி விற்றுவிடுவார்கள். கசிவு அப்படியே இருப்பதால் புதுக் கம்ப்ரசரும் கொஞ்ச காலத்தில் அதே வழியில் போகும். “போன மாதம்தான் புதுக் கம்ப்ரசர் போட்டோம்” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், ஏர் ஸ்பிரிங் மாற்றிய ரசீது எங்கே என்று கேளுங்கள்.

சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கதவைத் திறக்காமல் மறுபடி அளங்கள். கதவைத் திறந்தாலே பல வண்டிகள் விழித்து உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஏர் ஸ்பிரிங் அல்லது அதன் இணைப்பு. முன்பக்கமோ பின்பக்கமோ இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வ் பிளாக்கைச் சந்தேகிக்கலாம். ரேஞ்ச் ரோவரில் ஒரு நுட்பம் உண்டு: நின்ற நிலையிலேயே அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். எனவே வண்டி சாயாமல் சீராகத் தாழ்ந்திருப்பதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தமாகவே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதைப் பாருங்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்து, தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்கு இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். முதல் தடவை, காற்றுச் சேமிப்புத் தொட்டியில் சேர்ந்த காற்றில் சட்டென ஏறும். இரண்டாவது தடவைதான் கம்ப்ரசரின் உண்மையான பலம் தெரியும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, வண்டியை உயர்ந்த நிலையில் வைத்து, ஏர் ஸ்பிரிங் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். மாற்றும்போது ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்து மாற்றுவது முறை.

ஏர் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சுருள் ஸ்பிரிங் போட்ட வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. மலிவாகக் கிடைக்கும். உயரம், ஹெட்லைட் கோணம், டிரைவருக்கு உதவும் கேமராக்கள் எல்லாம் பழைய கணக்கிலேயே இருப்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வண்டியை வாங்குவதே அந்த மிதப்புக்காகத்தான். எல்எக்ஸில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தம். அங்கே உருண்டையான கேஸ் அக்யுமுலேட்டர்கள் வயதாகிப் போகும். உயரம் சரியாக இருந்தும் சின்னக் குழியில்கூட வண்டி கல் போல் இடித்தால் அவை முடிந்துவிட்டன என்று அர்த்தம்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டயர்

எக்ஸ்7-லும் எல்405 ரேஞ்ச் ரோவரிலும் இருப்பது இசட்எஃப்பின் எட்டு கியர் பெட்டி. வண்டி நிறுவனங்கள் “ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்” என்று சொன்னாலும், அதைத் தயாரிக்கும் இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் சொல்வதைக் கேளுங்கள். இதன் ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும், பேனையே மாற்ற வேண்டும். ஆயில் அளவை, அது 30 முதல் 50 டிகிரி சூட்டில் இருக்கும்போது எஞ்சின் ஓடும் நிலையில் சரிபார்க்க வேண்டும். ஸ்கேனரில் ஆயிலின் சூட்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றும் கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுப்பது பெரும்பாலும் டயர்தான். முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு மாறுபட்டால், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் நேர் சாலையிலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடேறித் தேயும். டயர் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) ஆழத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் 2, 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, நான்கில் இரண்டு வேறு கம்பெனி டயராக இருந்தாலோ விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சோதனை: காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நடக்கும் வேகத்தில் வட்டமடியுங்கள். வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல் விட்டுவிட்டுத் துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் கெட்டிருக்கிறது, அல்லது தட்டுகளே போய்விட்டன. 22 அங்குல டயர் நான்கு மாற்றுவது சின்னச் செலவில்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் இருந்தும் ஆறு வருடம் தாண்டியிருந்தால் அதை மாற்ற வேண்டிய டயராகவே கணக்கில் சேருங்கள்.

பார்க்கப் போகும்போது

நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வாருங்கள். டைமிங் செயின், கேம் ஃபேசர், லிஃப்டர் மூன்றும் தெளிவாகப் பேசுவது பெரும்பாலும் ஆறிய எஞ்சினின் முதல் சில நொடிகளில்தான்.

சின்ன ஸ்கேனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பிழைக் குறிகள் எதுவும் இல்லை என்று காட்டுவது போதாது. குறிகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற எண்ணை வண்டியே நினைவில் வைத்திருக்கும். அது 40, 50 கிலோமீட்டர் என்றால், நீங்கள் வருவதற்காகவே அழித்திருக்கிறார்கள். உமிழ்வுச் சோதனைகள் “முடியவில்லை” என்று காட்டுவதும் அதே கதைதான். பேட்டரியையும் அளங்கள். இந்த வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி பலவீனமானால் சஸ்பென்ஷன், கேமரா, கதவு என்று சம்பந்தமில்லாத இடமெல்லாம் எச்சரிக்கை எரியும். பேட்டரியை மாற்றியதும் பாதி மறைந்துவிடும். பிஎம்டபிள்யூவில் புதுப் பேட்டரியைக் கணினியில் பதிவு செய்யாவிட்டால் பழையதற்கான கணக்கில் சார்ஜ் ஏற்றிப் புதியதையும் கெடுக்கும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி அலுமினியத்தையும் படிக்கக்கூடியதா என்று பாருங்கள். காந்த வகைக் கருவி ரேஞ்ச் ரோவரிலும் நேவிகேட்டரிலும் ஒன்றும் காட்டாது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியில் மறுபடி அடித்திருக்கிறார்கள். அலுமினிய உடல் ஒட்டியும் ரிவெட் அடித்தும் சேர்க்கப்பட்டது. விபத்துக்குப் பின் அதைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் நேராக்கியிருந்தால் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடிக் கூரையின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியச் சிறு குழாய் உண்டு, அது அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். சன்ரூஃபைத் திறந்து ஓரக் கால்வாயில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடிகிறதா என்று பாருங்கள். முன் இருக்கையின் மிதியடியைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பான்ஜை விரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும். பல வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட்டுகளும் ஒயரிங்கும் அந்தக் கார்பெட்டுக்குக் கீழேதான்.

எல்லா இருக்கை மோட்டாரையும், நான்கு கதவின் மெல்ல மூடும் வசதியையும், மடங்கும் படிகளையும், ஒவ்வொரு வரிசை ஏசியையும் ஒவ்வொன்றாக இயக்குங்கள். அரை மணி நேரமாகும். அதைச் செய்யவிடாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

புதிதாக எடுப்பவர்களுக்கு

புதிது என்றால் எக்ஸ்7 40ஐ அல்லது ஜிஎல்எஸ்ஸின் ஆறு சிலிண்டர் வடிவங்கள். ஓட்டுவதில் எக்ஸ்7, உட்காருவதில் ஜிஎல்எஸ். சக்கரம் 20 அல்லது 21 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 22, 23 அங்குலத்தில் டயரின் ரப்பர்ச் சுவர் மெல்லியதாகி, ஏர் சஸ்பென்ஷனுக்குக் கொடுத்த பணம் குழியில் வீணாகிறது, ரிம்மும் வளைகிறது. டெலிவரிக்கு முன் தயாரித்த மாதத்தையும் டயர் தேதியையும் பாருங்கள். பல மாதம் வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி ஏற்கெனவே பாதி உயிரில் இருக்கும். டெலிவரியன்றே சோதித்து மாற்றச் சொல்லலாம். பிஎம்டபிள்யூ பெட்ரோலில் முதல் 2,000 கிலோமீட்டருக்கு 4,500 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் ஓட்டச் சொல்வார்கள், அதைக் கடைப்பிடியுங்கள். முதல் ஆயிலை அட்டவணை சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றுவது கூடுதல் செலவுதான், நெடுநாள் வைத்திருப்பவருக்கு அது திரும்பி வரும்.

புதிதுக்கும் பழையதுக்கும் நடுவே, நிறுவனமே சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும் இரண்டு மூன்று வயது வண்டிதான் பெரும்பாலோருக்குச் சரியான இடம். பெரிய விலைச் சரிவை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டிருப்பார், பெரிய பழுதுகளின் வயது இன்னும் வந்திருக்காது. நீட்டிக்கப்பட்ட உத்தரவாதப் பத்திரத்தில் “தேயும் பாகங்கள்” என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள். ஏர் ஸ்பிரிங், கம்ப்ரசர், டர்போ, தொடுதிரை, ஹெட்லைட் இவற்றில் எதை அங்கே தள்ளியிருக்கிறார்கள் என்பதில்தான் அந்தப் பத்திரத்தின் மதிப்பு இருக்கிறது. காப்பீட்டுத் தொகையையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சேஸிஸ் நம்பரை வைத்துக் கேட்டு வாங்குங்கள். சாவி சிக்னலைத் தூரத்திலிருந்து பிடித்துத் திருடுவதில் இந்த வகை வண்டிகள் முன்வரிசையில் இருப்பதால் சில மாடல்களுக்குக் கேட்கும் தொகை திகைக்க வைக்கும்.

உத்தரவாதம் முடிந்த வண்டியை எடுக்கத் தீர்மானித்தால், வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் முதலில் எல்லா ஆயில்களும், பிறகு எட்டு வயது தாண்டியிருந்தால் பிளாஸ்டிக் கூலன்ட் பைப்புகள், பிறகு டயர், கடைசியாக ஏர் ஸ்பிரிங். இந்த வரிசையில் செலவழியுங்கள். அந்தப் பணத்தை ஒதுக்க முடியாத நிலையென்றால், அதே தொகைக்கு ஒரு படி சிறிய, வயது குறைந்த எஸ்யூவியை எடுப்பதே நல்லது.